முப்பத்தொன்றாம் பக்கம்

நான் வந்தபோது கியாவின் வீட்டு வாசலில் ஏழு கார்கள் நின்றன, இப்போது ஒன்பது. என்னுடையதை இதில் சேர்க்கவில்லை. அது எதிர்ச்சாரியில் இரண்டு வீடு தள்ளி, பனியை வாரிக் குவித்த மேட்டுக்குப் பின்னால் நிற்கிறது, அதற்குள் நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி ஒன்பது இருபது. எனக்கு மோங் மொழி சொல்லித் தருகிற கியா பத்து மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தாள். பத்து மணிக்குப் போய் மணியடித்தால் போதும், ஆனால் யார் யார் உள்ளே போகிறார்கள் என்று முன்னாலேயே பார்த்துவைப்பது நல்லது என்று பட்டது. அப்பா, அம்மா, ஏழு வயதுப் பெண் என்று மூன்றே பேர் இருக்கிற வீட்டுக்குச் சனிக்கிழமை காலையில் ஒன்பது கார் எதற்கு? அந்தச் சாம்பல் நிறக் கார் கெவினுடையது மாதிரியே இருக்கிறது. கெவின் என் மொழியியல் துறையில் எனக்கு ஒரு வருஷம் பின்னால் வந்தவன், மோங் மொழியின் தொனிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். போன வருஷம் மோங் புத்தாண்டு விருந்தில் கியாவின் பக்கத்தில் போய் நின்று ஒரு நிமிஷம் சிரித்துப் பேசினான். ஒரு நிமிஷம்தான், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷம் பாடுபட்டு ஒருத்தியைப் பழக்கி வைத்திருக்கும்போது பக்கத்தில் யாராவது சிரித்தால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். செயின்ட் பால் நகரத்தில் சாம்பல் நிறக் கார் ஆயிரம் இருக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஆயிரத்தில் ஒன்று இங்கே, இன்றைக்கு, இந்த வாசலில் ஏன் நிற்க வேண்டும்.

வந்த செய்தி இரண்டே வரி. புதன்கிழமை காலை வந்தது. "சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வா. நோட்டையும் கொண்டு வா." அதற்கு முந்தைய செய்திக்கும் இதற்கும் நடுவில் ஐந்து வாரம் சத்தமே இல்லை. முந்தையதும் இரண்டு வரிதான்: "மைலீ காரில் அடிபட்டுவிட்டாள். இப்போது வராதே." மைலீ கியாவின் மகள். கடை வாசலில் ஒரு கார் பின்பக்கமாக வந்து இடித்து, இடது கை எலும்பு முறிந்து, நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். இதெல்லாம் கியா சொல்லவில்லை, சமூகக் கூடத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழக்கூடை அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு துணிக்கரடி அனுப்பினேன், அதற்கும் இல்லை. ஏழு முறை போன் செய்தேன். ஏழாவது முறை யாரோ எடுத்து, மூச்சு மட்டும் கேட்டு, வைத்துவிட்டார்கள். அது கியாவின் கணவன் செங் என்றுதான் நினைக்கிறேன், மூக்கால் விடுகிற மூச்சு அவனுடையது. வராதே என்றால் போதாதா, இப்போது வராதே என்று எதற்கு எழுதினாள், அந்த 'இப்போது' என்னைச் சமாதானப்படுத்தவா, இல்லை பின்னால் கூப்பிட்டு வைத்துக் கேட்பதற்கா? நான் வேண்டும் என்றால் சரி. நோட்டு எதற்கு?

நோட்டு இதோ என் மடியில் இருக்கிறது. நீளவாக்கு நோட்டு, இருநூறு பக்கம், சிவப்புத் துணி முதுகு, அம்மா சங்கரன்கோவிலிலிருந்து அனுப்பியது. பக்க எண்களை நானே கையால் போட்டேன். இதற்குள் இருநூற்றுப் பதினான்கு வாக்கியங்கள் இருக்கின்றன, இந்த இருநூற்றுப் பதினான்கும்தான் என் முனைவர் பட்டம். லாவோஸ் மலையிலிருந்து போருக்குப் பின் இங்கே வந்து சேர்ந்த மோங் மக்களின் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது, காதில் 'டௌ' என்று விழும். நம்முடைய அடிபட்டாள், கடிபட்டாள் என்பதில் வருகிற 'பட்டாள்' மாதிரி. ஆனால் நமக்குப் பாராட்டவும் படலாம், மிதிக்கவும் படலாம். அவர்களுடைய சொல்லுக்கு நல்லது ஆகாது. நாய் கடிக்கும்போது வரும், போலீஸ் பிடிக்கும்போது வரும், மழையில் நனையும்போது வரும். ஆசிரியர் மெச்சினார், மாமா பரிசு கொடுத்தார் என்று சொல்லிப் பார்த்தால் கியா உதட்டைப் பிதுக்கி, சொல்ல முடியாது என்பாள். மொழி சொல்லித் தருகிறவருக்கு எங்கள் துறையில் தகவலாளி என்று பேர். ஏதோ ஒற்றன் மாதிரி ஒலிக்கிற பேர், இப்போதுதான் அது உறைக்கிறது. என் வேலை ஒரு வாக்கியத்தைச் செய்து நீட்டுவது, அவள் வேலை அதை வாயில் போட்டுப் பார்த்து, சொல்லலாம் அல்லது சொல்ல முடியாது என்று தீர்ப்புக் கொடுப்பது. சொல்ல முடியாததற்கு முன்னால் நான் ஒரு நட்சத்திரம் போடுவேன். இரண்டு வருஷம், சனிக்கிழமை தோறும், அவள் சமையலறை மேசையில், பதிவுக் கருவியை நடுவில் வைத்துக்கொண்டு. என் பெயர் வடிவு. அவள் வாயில் அது வாடி என்றுதான் வரும். இந்த ஊரில் என்னை வாடி என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

வாக்கியத்துக்கு ஆள் வேண்டும். யாரையாவது நாய் கடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் 'ஒருத்தன்' என்று வைத்துப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. மைலீ அப்போது ஐந்து வயது, மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். என்னை வை, என்னை வை என்று அவள்தான் குதித்தாள். அவளேதான் கேட்டாள், இதை உள்ளே போனதும் முதலில் சொல்லிவிட வேண்டும், பதிவிலும் இருக்கிறது, மூன்றாவது வாரம், பதினோராவது நிமிஷம். வைத்தேன். மைலீ நாயிடம் கடிபட்டாள். உடனே வெளியே வந்து காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். மைலீ போலீஸிடம் பிடிபட்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மைலீயைத் தண்ணீர் அடித்துப் போயிற்று. கம்பளத்தில் நீந்தினாள், கண்ணை மூடினாள், நாக்கை வெளியே தள்ளினாள். நான் சிரித்தேன், கியாவும் சிரித்தாள், அது பதிவில் கேட்கும். ஆனால் முதல் முறை சிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதில் அவள், வேற பேர் வச்சுக்கலாமே வாடி, என்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், பாத்திரம் கழுவப் போகிற குரலில்.

நான் என்ன செய்தேன் என்றால், ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: தகவலாளி எழுவாயை மாற்றுகிறார், மீண்டும் கேட்க. மீண்டும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் மைலீ என்று சொல்லி நீட்டினால் கியா திருப்பிச் சொல்லும்போது அந்தப் பேரை விட்டுவிடுவாள். மைலீ தீயில் சுட்டுக்கொண்டாள் என்று கேட்டால், ம், சொல்லலாம், அவன் தீயில் சுட்டுக்கொண்டான், என்பாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் இயலில் அதற்கென்று ஒரு பகுதியே இருக்கிறது, ஆறு பக்கம், இந்த அமைப்பில் பெயரைவிடப் பிரதிப்பெயர் விரும்பப்படுகிறது என்று. விரும்பப்படுகிறது. யாரால்? என் வழிகாட்டி ஹால்வர்சன் அதைப் படித்துவிட்டு, இதுதான் உன் ஆய்வின் இதயம் என்றார். ஒரு தாய் தன் பிள்ளையின் பேரைக் கெட்டதுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்று பேரை எடுத்து எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள், நான் அதற்கு விழுக்காடு போட்டுப் பட்டியல் செய்திருக்கிறேன். எழுபத்தொன்பது விழுக்காடு. மீதி இருபத்தொன்று அவள் களைத்துப்போன நாட்களாக இருக்கும்.

பத்தாவது கார் வந்துவிட்டது. ஒரு கிழவர், பழுப்புக் கோட்டு, ஒரு பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்குகிறார். பைக்குள் என்ன, காகிதமா? வக்கீலா? வக்கீல் என்றால் இவ்வளவு மெதுவாக நடக்க மாட்டார். வாசலில் செங் வந்து இரண்டு கையாலும் அவரைத் தாங்கி உள்ளே கூட்டிப் போகிறான். போகிறபோது தெருவைப் பார்த்தான். என் காரைப் பார்த்தானா? இருக்கையில் சரிந்து உட்கார்ந்தேன், முப்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்தை ஏமாற்றிய பிள்ளை மாதிரி. செங்குக்கு என்னைப் பிடிக்காது. நான் பதிவு செய்கிற நேரமெல்லாம் கூடத்தில் டிவியைச் சத்தமாக வைப்பான். பதிவைக் கெடுக்க வேண்டும் என்றே செய்கிறான் என்று நினைத்தேன், ஹால்வர்சனிடம் புகாராகவும் சொன்னேன். இப்போது இந்தக் காருக்குள் இருந்து யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. பதிவைக் கெடுக்கவா வைத்தான், இல்லை தன் மகளை நாய் கடிப்பதும் பாம்பு கொத்துவதும் தன் காதில் விழாமல் இருக்க வைத்தானா? இரண்டு வருஷம் அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளியைப் போ என்று சொல்லத் தெரியாத மனிதர்கள். நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள்தான், அதுதான் இன்னும் மோசம்.

எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொன்னதில்லை, குளிர வை என்றுதான். வெளியே கிளம்புகிறவர் போகிறேன் என்றால் அம்மா வாசலில் மறித்து நின்றுகொண்டு, போயிட்டு வாரேன்னு சொல்லு, என்று சொல்ல வைத்துத்தான் விடுவாள். அப்படிப்பட்டவளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன், அம்மா, ஒரு சின்னப் பிள்ளை, நான் என்ன சொன்னாலும் அப்படியே நடித்துக் காட்டுகிறாள், பாம்பு கொத்துச்சுன்னா செத்துப்போய்க் காட்டுறா என்று.  "வாயக் கழுவுடி" என்றாள் அம்மா. "பச்சப்புள்ள பேரச் சொல்லியா இதெல்லாம் பேசுத? அந்தத் தாய்க்காரி எப்படிப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கா? உனக்கு ஒரு புள்ள இருந்தா இப்படி வாய் வருமா?" நான் விளக்கினேன். அம்மா, இது பேச்சில்லை, எடுத்துக்காட்டு. சொல்வது வேறு, எடுத்துக் காட்டுவது வேறு. இதில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. அம்மா கேட்டாள், "நடக்காததுக்கு எதுக்குடி அந்தப் புள்ள பேரு?"  டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு ஒரு பிள்ளை இருந்தா என்றது மட்டும் ஒரு வாரம் காதிலேயே கிடந்தது.

எண்பத்தெட்டாவது வாக்கியம். மைலீ காரில் அடிபட்டாள். முப்பத்தொன்றாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. ஒரு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அன்றைக்கு மைலீ அதை ரொம்ப நன்றாக நடித்தாள், சமையலறைக் கதவிலிருந்து ஓடிவந்து அடுப்புப் பக்கம் விழுந்தாள், இடது கையை மடக்கிக்கொண்டு. இடது கைதானா? எனக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் முறிந்தது இடது கை என்று தெரிந்த பிறகு வருகிற ஞாபகத்தை நான் நம்ப மாட்டேன். சொல்லுக்கு அப்படியெல்லாம் சக்தி கிடையாது. இருந்தால் மீதி இருநூற்றுப் பதிமூன்றும் நடந்திருக்க வேண்டும், அவளை முதலை தின்றிருக்க வேண்டும், மின்னசோட்டாவில் முதலை ஏது. இதைத்தான் ஐந்து வாரமாகச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே வியாழக்கிழமை மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து நோட்டு முழுவதையும் நகல் எடுத்தேன், ஒருவேளை பிடுங்கி வைத்துக்கொண்டால் ஆகும் என்று. அப்புறம், இதை எனக்கு நானே சொல்லிவிடுவது நல்லது, முப்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழித்தேன்.

கிழிக்கத்தான் செய்தேன். பிளேடு இல்லை, கையால்தான். பல்கலைக்கழக நடத்தை நெறிக் குழு கேட்டால், வக்கீல் கேட்டால், செங் கேட்டால், அப்படி ஒரு வாக்கியம் எங்கே என்று நோட்டை நீட்டிவிடலாம் என்று நினைத்தேன். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லும் குரல் பதிவில் இருக்கிறது என்பது கிழித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஆனால் அவர்கள் பதிவைக் கேட்கவில்லையே, நோட்டைத்தானே கேட்டார்கள். தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அந்தப் பக்கத்து ஜோடித் தாள் தொளதொளவென்று கழன்று வரும், எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை. அதைப் பசை போட்டு ஒட்டினேன். பசை பக்கத்துத் தாளிலும் பிடித்துக்கொண்டது. இப்போது முப்பதுக்கு அப்புறம் முப்பத்துமூன்று வருகிறது, நடுவில் பல் போன ஈறு மாதிரி ஒரு விளிம்பு. எண்களைத் திருத்தலாமா என்றுகூட யோசித்தேன், நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் திருத்த வேண்டும். கிழித்ததைத் தூரப் போட்டிருக்கலாம். போடவில்லை, தரவைத் தூரப் போடக் கை வரவில்லை. நான்காக மடித்து என் கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன். மூச்சு விடும்போதெல்லாம் அது மொறுமொறுக்கிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். கியா பேச மாட்டாள். செங்தான் கேட்பான். பத்துக் காரில் வந்தவர்களும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், கிழவர் நடுவில். ஒப்புதல் படிவத்தை எடுத்து மேசையில் வைப்பார்கள். அதில் கியா போட்ட கையெழுத்து இருக்கிறது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், அதுதான் சட்டம். இரண்டு வருஷம் ஒரு மூச்சில் போய்விடும், உதவித்தொகையும் போய்விடும், அதன் பின்னால் விசாவும். கெவின் தொனிகளை எழுதிப் பட்டம் வாங்குவான். அதுகூடப் போகட்டும் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, சொன்னால் பொய்.  அந்தப் பிள்ளை என்னைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் நான் என்ன செய்வேன்? என்னைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. பட்டம் போனால் இன்னொரு வேலை பார்க்கலாம். வாடி என்று கூப்பிட ஆளில்லாமல் இந்தப் பனியில் நான் எப்படி இருப்பேன்?

மணி பத்து. கதவு திறந்திருக்கிறது. இந்தக் குளிரில் வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறார்கள், எனக்காகவா, என்னை வெளியே தள்ளுவதற்கு வசதியாகவா என்று நினைத்துக்கொண்டே தெருவைக் கடந்தேன். சாம்பல் நிறக் காரைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் மான் கொம்புப் படம், இருக்கையில் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுச் சட்டை. கெவினுக்குக் கோழி உரிப்பதைப் பார்த்தாலே மயக்கம் வரும். அதில் வந்த நிம்மதி நாலு அடிகூடத் தாங்கவில்லை.

வாசற்படியில் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு கிண்ணம் அரிசி, அரிசி மேல் முட்டை, ஊதுபத்தி, மைலீயின் நீலச் சட்டை. பழுப்புக் கோட்டுக் கிழவர் திறந்த கதவுக்கு முன்னால் தெருவைப் பார்த்து நிற்கிறார், அவர் பையிலிருந்து வந்தது இரண்டு கொம்புத் துண்டுகள், அவ்வளவுதான். காகிதமே இல்லை. உள்ளே பெண்கள் கீரை நறுக்குகிறார்கள், கோழி வேகிற வாசனை. சோபாவில் மைலீ, கட்டுப் போட்ட கையோடு, பாதியாகிவிட்ட முகத்தோடு. என்னைப் பார்த்தாள். ஒளியவில்லை, ஓடியும் வரவில்லை. கியா வந்து என் கோட்டைக் கழற்றி வாங்கக் கை நீட்டினாள், நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். "குளிருது" என்றேன். "கதவு திறந்துதான் இருக்கணும்" என்றாள் கியா. "இவ பயந்துட்டா. உசுரு எங்கேயோ நின்னுடுச்சு. மாமா கூப்பிட வந்திருக்கார். எங்கெங்க போச்சுன்னு தெரிஞ்சாத்தான கூப்பிட முடியும், அதான் நோட்டு கேட்டேன். நீ எங்கெல்லாம் அவளை அனுப்புனியோ அங்கெல்லாம் கூப்பிடணும். உன் எழுத்து எங்க யாருக்கும் படிக்க வராது. நீயே படி வாடி."

கோபம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று அந்த முகத்தைத் துருவிப் பார்த்தேன். தூக்கமில்லாத முகம், வேறொன்றும் இல்லை. படித்தேன். நாய், என்றேன். கிழவர் தெருவைப் பார்த்து நீளமாகக் கூப்பிட்டார், நாய் இருக்கிற வீட்டிலிருந்து வா, மைலீ, சோறு இருக்கு, சட்டை இருக்கு, அம்மா இருக்கா. ஏரி. ஏரியிலிருந்து வா. தீ. போலீஸ். பாம்பு. முதலை. பனிச்சறுக்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் கூப்பிட்டார், பெண்கள் கீரையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், செங் டிவியைப் போடாமல் சுவரைப் பார்த்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டான். இருநூற்றுப் பதினான்கில் அவள் பேர் வந்தது நூற்றுமுப்பது. ஒரு குழந்தையை நான் இவ்வளவு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேனா? முப்பதாம் பக்கம் முடிந்தது, கட்டை விரலால் அந்த விளிம்பை மறைத்துக்கொண்டு முப்பத்துமூன்றைப் படித்தேன். கடைசி வரியும் வந்தது. உசுரு திரும்பிவிட்டதா என்று பார்க்கக் கிழவர் கொம்புகளைத் தரையில் போட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார். எடுத்து மறுபடி போட்டார். மூன்றாவது முறையும் போட்டுவிட்டு கியாவைப் பார்த்தார், கியா என்னைப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

அவ்வளவுதான், என்று சொல்ல வாயெடுத்தேன். அது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எண்பது வயதுக் கிழவர் போட்ட கொம்பு எப்படி விழுந்தால் எனக்கென்ன, இது நான் நம்புகிற விஷயமா. சோபாவிலிருந்து சின்னக் குரல், "கார் இருக்கு." எல்லாரும் திரும்பினார்கள். "கார். நான் அடுப்புகிட்ட விழுந்தேன்ல. அது நல்லா இருந்துச்சுன்னு வடிவு கை தட்டுச்சு." என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தட்டினேனா? தட்டியிருப்பேன். கோட்டுக்குள் கை விட்டு எடுத்தேன். நான்காக மடித்ததை அத்தனை பேர் முன்னால் பிரிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளில் அவள் பேர் இருந்தது மேலிருந்து மூன்றாவது வரியில் மட்டும், அதைப் படித்தேன். கிழவர் படிக்கு வெளியே ஒரு கால் வைத்து, கடை இருக்கிற திசையைப் பார்த்து, இதுவரை கூப்பிடாத குரலில் கூப்பிட்டார். கார் நிற்கிற இடத்திலிருந்து வா. கொம்புகளைப் போட்டார். குனிந்து பார்த்து, "ம்" என்றார். செங் எட்டி வந்து கதவைச் சாத்தினான்.

கியா தாளை என் கையிலிருந்து வாங்கி, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, நோட்டைத் திறந்து முப்பதுக்கும் முப்பத்துமூன்றுக்கும் நடுவில் வைத்தாள். அந்தக் கிழிந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "எப்பக் கிழிச்ச?" இன்றைக்குக் காலையில் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "வியாழக்கிழமை. மத்தியானம்." கியா தலையாட்டினாள், திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை, கடைக்காரரிடம் தேதி கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள்: "ஆமா. வியாழக்கிழமை மத்தியானத்துல இருந்துதான் இவ சாப்பிடறதில்ல." நோட்டை மூடி என்னிடமே கொடுத்தாள். அப்புறம் அரிசிக் கிண்ணத்திலிருந்து முட்டையை எடுத்து உடைத்து உரித்து மைலீயிடம் நீட்டினாள். மைலீ அதைப் பார்த்தாள், கட்டுப் போடாத கையால் வாங்கினாள், ஓரத்தில் கொஞ்சம் கடித்தாள்.  இன்னொரு வாய் கடித்தாள். எதையும் நம்பாத நான், அவள் அந்த முட்டையைத் தின்று முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.